இரண்டு விதமான அட்டை

யூலை 11, வெள்ளி – கண்டி

சித்திரக்கதைப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்தால் பாரமே தெரியாது. நூற்றைம்பதைப் பெட்டியில் போட்டுத் தூக்கிப் பாருங்கள், ஆட்டுக்கல். வெள்ளவத்தையிலிருந்து கொழும்புக் கோட்டைக்கு ஓட்டோவில், கோட்டையிலிருந்து கண்டிக்கு ரயிலில் என்று அந்த ஆட்டுக்கல்லோடு வந்து இறங்கியபோது பின்னேரம் நான்கு மணி. நேற்றுப் போயா, பௌர்ணமி விடுமுறை. அதோடு சேர்த்து லீவு போட்டவர்களின் கூட்டம் இன்றைக்கும் குறையவில்லை. எனக்குக் கிடைத்தது கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்து மூலை. பெட்டியின் மேலேயே உட்கார்ந்து வந்தேன்.

ரம்புக்கனையில் இறால் வடைக் கூடையோடு ஒருவர் ஏறினார். இரண்டு வடை 200 ரூபா. சுற்றித் தந்த தாள் ஏதோ ஒரு பிள்ளையின் கணக்குக் கொப்பி. மூன்று கணக்கில் இரண்டு சரி, ஒன்று பிழை. நான் கொண்டுபோகிற சரக்கு விற்காவிட்டால் அதுவும் இப்படித்தான் வடைக்குப் போகும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அப்போது சிரிக்க முடிந்தது.

சரக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பகலில் ஒரு கம்பனியில் விளம்பரப் பலகை வடிவமைக்கிறேன், இரவில் சித்திரக்கதை வரைகிறேன். இது என் மூன்றாவது புத்தகம். ஏ5 அளவு, 24 பக்கம், பெயர் 'அப்பம்மாவின் கடிதம்'. தேயிலைத் தோட்டத்தில் ஒரு பாட்டியும் பேத்தியும். லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வீட்டுக்கு வீடு முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்து ஆபீஸுக்கு வரும், அங்கிருந்து எப்போது கைக்கு வரும் என்பது கடவுளுக்கே வெளிச்சம். பேத்திக்கு வந்த வேலை நேர்முகக் கடிதம் திகதி கடந்த பிறகு கிடைக்கிறது. அவ்வளவுதான் கதை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்த தோழியின் அக்காவுக்கு நடந்தது. தோழி ஹட்டன்காரி. நான் யாழ்ப்பாணத்துக் கொக்குவில்.

ஒரு பிரதி அச்சிட 265 ரூபா, விலை 600. 2022இல் காகிதம் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்த நாடு இது. அதற்குப் பிறகு காகிதம் பழைய விலைக்கு இறங்கி வரவே இல்லை. அதனால் எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று பார்த்து, அட்டைக்கு வெளிப்பக்கம் மட்டும் லமினேற் பண்ணச் சொன்னேன். உள்பக்கமும் என்றால் பிரதிக்கு 30 ரூபா கூட. அந்த 30 ரூபாவின் கதை ஹட்டனில் வரும்.

யூலை 12, சனி – கண்டி

காமிக்ஸும் அனிமேயும் பிடித்த பிள்ளைகள் கூடும் ஒருநாள் சந்தை. கொழும்பில் வருடா வருடம் நடக்கிற லங்கா காமிக் கானோடு பார்த்தால் இது சுண்டங்காய். ஒரு மண்டபம், முப்பது மேசை, சுழலாத இரண்டு மின்விசிறி. மேசைக்கு 6,000 ரூபா.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். புத்தகத்தை மேசையில் படுக்க வைத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். கண் மட்டத்துக்கு நிமிர்த்தி வைக்க வேண்டும். விலையைப் பெரிதாக எழுதி ஒட்ட வேண்டும், ஏனென்றால் விலை கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் கேட்காமலே போய்விடுவார்கள். சில்லறை கட்டாயம். பக்கத்து மேசைக்காரரோடு காலையிலேயே நட்பாகிவிட வேண்டும், பாத்ரூம் போனால் மேசையை அவர்தான் பார்த்துக்கொள்வார்.

என் பக்கத்து மேசைத் தம்பி அக்குறணைக்காரர், உயர்தரப் பரீட்சை எடுத்து முடித்தவர். சொந்தமாக ஒரு கோடு கூட விற்கவில்லை, எல்லாம் ஜப்பான் அனிமேப் பாத்திரங்கள். பத்தரைக்கே அவர் மேசையில் கூட்டம் கட்டி ஏறியது. எனக்கு வயிறு எரிந்தது, மறைக்க மாட்டேன். பன்னிரண்டு மணிக்குத் தன் அம்மா கட்டித் தந்த பிரியாணியில் பாதியை என் பக்கம் தள்ளி, "அக்கா, நீங்க சாப்பிடாம இருக்கீங்க" என்றார். எரிந்த வயிறு அடங்கிவிட்டது.

வந்தவர்களில் பெரும்பாலும் சிங்களப் பிள்ளைகள். தமிழ்ப் புத்தகம் என்றதும் மரியாதையாக ஒருமுறை புரட்டிவிட்டு, "படங்கள் வடிவு" என்று சொல்லி ஸ்டிக்கர் வாங்கினார்கள். ஒரு பையன் மட்டும் விடவில்லை. பக்கம் பக்கமாக என்னிடம் கதை கேட்டான். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் 24 பக்கத்தையும் நடித்தே காட்டினேன். கடைசிப் பக்கத்தில் அவன், "கடிதத்தை ஆபீஸில் யார் வைத்திருந்தது?" என்று கேட்டான். அதை நான் கதையில் சொல்லவில்லை. யோசித்ததும் இல்லை. அவன் 600 ரூபா தந்து வாங்கிக்கொண்டு போனான். கேள்வி மேசையிலேயே இருந்தது.

இன்னொருவர் நின்றபடியே முழுப் புத்தகத்தையும் வாசித்து முடித்து, பவ்வியமாக இருந்த இடத்தில் வைத்து, "நல்லா இருந்துது, நன்றி" என்று போனார். தமிழர். ஒவ்வொரு சந்தையிலும் ஒருவர் இப்படி வருவார். கோபிக்கவும் முடியாது, முழுதாக வாசித்தாரே!

வெற்று ஸ்டிக்கர் தாள்கள் ஒரு கட்டு வைத்திருந்தேன். 150 ரூபா தந்தால் அங்கேயே ஆளை வரைந்து கொடுப்பேன். "மெலிசா வரையுங்க" என்று கேட்காத ஒருவர்கூட இல்லை.

கணக்கு: ஸ்டிக்கர் 52, அச்சுப் படம் 9, ஆள் வரைந்தது 14, புத்தகம் 11. மொத்தம் 18,400 ரூபா. மேசைக்கு 6,000, இரண்டு இரவு அறைக்கு 7,000. மிச்சத்தில் புத்தகத்துக்கு அச்சடித்த காசைக் கழிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். சாப்பாட்டை அந்தத் தம்பியின் அம்மா பார்த்துக்கொண்டார்.

யூலை 13, ஞாயிறு – ஹட்டன்

நாவலப்பிட்டி கழிந்ததும் ரயில் மூச்சு வாங்கத் தொடங்கும். மழைக்குப் பேர்போன வட்டவளையில் ஜன்னல் கண்ணாடியில் விழுந்த தண்ணீர் ஹட்டன் வரை காயவில்லை. சிவனொளிபாதமலைப் பருவம் வெசாக்கோடு முடிந்துவிட்டதால் ஹட்டனில் யாத்திரைக் கூட்டம் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் வேறு. தோட்டத்துச் சனம் முழுக்கச் சாமான் வாங்க டவுனுக்கு இறங்கும். அதற்காகத்தான் தோழி இந்த நாளைச் சொன்னாள்.

அவளின் அண்ணர் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறார். கடை வாசலில், தகரக் கூரைக்குக் கீழே எனக்கு ஒரு மேசை. ஒரு பக்கம் குடை திருத்துகிறவர், மறுபக்கம் கருவாடு. கண்டியில் 6,000 கொடுத்த எனக்கு இங்கே மேசை இலவசம், தேத்தண்ணியும் இலவசம்.

ஆனால் யாவாரம்? ஒரு அம்மா வந்தார். கையில் பையும் பக்கத்தில் ஒரு சிறுமியும். சிறுமிதான் இழுத்துக்கொண்டு வந்தாள். அம்மா புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைப் பார்த்தார், நடுப்பக்கத்தைப் பார்த்தார், பிறகு நான் பெரிதாக எழுதி ஒட்டிய 600ஐப் பார்த்தார். பேரம் பேசவில்லை. புத்தகத்தை எடுத்த இடத்திலேயே, எடுத்த கோணத்திலேயே வைத்துவிட்டு, "இன்னொரு நாளைக்கு வாறோங்க" என்று என்னைச் சமாதானப்படுத்துவது போலச் சொல்லிப் போனார். 2025இல் தோட்டத்தில் நாள் சம்பளம் 1,350 ரூபா, அதுவும் முழுப்பேர் போட்டால், அதாவது குறித்த கிலோ பறித்து முழுநாள் கணக்கில் எழுதினால். என் 24 பக்கம் கிட்டத்தட்ட அவரின் அரைநாள். கண்டியில் அந்த 600 என்ற எண்ணை எவ்வளவு பெரிதாக எழுதலாம் என்று யோசித்தவள், இங்கே அதை என்ன செய்வது என்று தெரியாமல் குடைக்காரரின் கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 400 ஆக்கினேன். ஆறு புத்தகம் போனது.

மூன்று மணியளவில் ஒரு பெரியவர் வந்து நின்றார். கோட்டும் மப்ளரும். "எந்த ஊரு புள்ள?" யாழ்ப்பாணம் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப சிரித்திரன் தெரிஞ்சிருக்கணுமே!"

தெரியாமலா! 1963இல் சுந்தர் என்கிற சிவஞானசுந்தரம் தொடங்கிய நகைச்சுவை இதழ். என் அப்பப்பா கட்டுக்கட்டாக வைத்திருந்தார். அதில் வந்த கேலிச்சித்திரப் பாத்திரம் சவாரித் தம்பரைப் பார்த்துத்தான் நான் மூக்கு வரையப் பழகினேன். கேலிச்சித்திரத்தில் ஆட்கள் வீட்டில் கதைக்கிற மாதிரியே கதைக்கலாம் என்று எங்களுக்குக் காட்டியவர் சுந்தர்தான் என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனேன். பெரியவர் என் புத்தகத்தைப் புரட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, "ஆமாமா. அவரு அவரு ஊரு பேச்ச எழுதுனாரு" என்றார். அப்போது அது பாராட்டு என்றே நினைத்தேன்.

பின்னேரம் ஐந்து மணிக்கு மேசையைப் பார்த்தால் எல்லாப் புத்தகமும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. 30 ரூபா! வெளிப்பக்கம் பிளாஸ்டிக் படலம், அதற்கு மழை ஏறாது. உள்பக்கம் வெறும் தாள், அது ஈரத்தைக் குடித்து விரியும். ஒரு பக்கம் விரிய மறுபக்கம் விரியாவிட்டால் என்ன நடக்கும்? அட்டை வெளிப்பக்கமாகச் சுருண்டு மேலே எழும்பும். நூற்றுக்கு மேற்பட்ட அட்டைகள் ஒன்றாகக் கொட்டாவி விடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அண்ணர் கடையின் போட்டோகொப்பித் தாள் ரீம்களை அவற்றின் மேல் ஏற்றினார். எடுத்ததும் திரும்பக் கொட்டாவி.

இரவு தோழி வீடு. டவுனிலிருந்து இருபது நிமிட பஸ், பிறகு ஏற்றம். அவளின் அம்மா என் பெட்டியைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் 25 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கி வந்து புத்தகங்களின் மேல் வைத்தார். ரொட்டியும் அரைத்த சம்பலும். சம்பலில் மிளகாயைத் தவிர வேறு எதுவும் இருந்த மாதிரி நாக்குக்குத் தெரியவில்லை, ஆனால் அந்தக் குளிருக்கு அதுதான் சரி. நான்கு ரொட்டி சாப்பிட்டேன்.

யூலை 14, திங்கள் – ஹட்டனுக்குப் பக்கத்தில்

தோழி படிப்பிக்கிற பாடசாலை. தரம் 8, நாற்பத்திரண்டு பிள்ளைகள். தகரத்தில் மழை விழுகிற சத்தத்துக்கு மேலாகக் கத்தித்தான் படிப்பிக்க வேண்டும். இந்த ரீச்சர்மாரின் தொண்டைக்குத் தனிச் சம்பளம் கொடுக்கலாம்.

முதலில் ஒரு ஏ4 தாளை எட்டுப் பக்கப் புத்தகமாக மடிக்கக் காட்டினேன். நீளவாக்கில் ஒரு மடிப்பு, குறுக்கே மூன்று. விரித்து, நடுவிலே இரண்டு கட்ட அளவுக்கு ஒரே ஒரு வெட்டு. பிறகு நீளவாக்கில் மடித்து இரண்டு ஓரத்தையும் உள்ளே தள்ளினால் நடு விரிந்து நட்சத்திரம் மாதிரி நிற்கும், சுற்றி மடித்தால் புத்தகம். பசை வேண்டாம், முள் வேண்டாம். போட்டோகொப்பி எடுத்தால் ஒரு பிரதிக்கு ஒரு தாள்தான் செலவு. சித்திரக்கதைக்காரர்கள் எங்கேயும் இப்படித்தான் தொடங்குகிறார்கள், நானும் இப்படித்தான் தொடங்கினேன். வெட்டுகிற இடம் வந்ததும் கத்தரிக்கோல் மூன்றுதான் இருந்தது. ஒருவன் ஸ்கேலை வைத்துக் கிழித்தே காட்டினான், வெட்டியதைவிட நேராக இருந்தது.

பிறகு என் புத்தகத்தைக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். நூலகத்துக்கென்று தோழி பன்னிரண்டு பிரதி வாங்கியிருந்தாள். கொஞ்ச நேரம் மழை மட்டும். பிறகு பின்வாங்கில் ஒரு சிரிப்பு. அது முன்வாங்குக்கு வந்தது. நான் பகிடிக் கதை எழுதவில்லையே என்று பார்த்தேன்.

"மிஸ், அப்பம்மான்னா யாரு?"

"அப்பாவின்ர அம்மா."

"அப்பாயிங்களா?"

"ஓம்."

'ஓம்' என்றதற்கு இன்னொரு சிரிப்பு. ஒரு பையன் எழும்பி நான்காம் பக்கத்தை எடுத்து, நாடகத்தில் பேசுவது போல வாசித்தான்: "உது எங்கட கடிதமே?" வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. 'உது' என்றால் என்ன என்று கேட்டார்கள். இதுக்கும் அதுக்கும் நடுவில் இருப்பது என்று விளக்கப்போய், கையை நீட்டிக் காட்டி, நானே குழம்பினேன்.

மூன்று மாதம் வரைந்தேன். தோழியிடம் லயத்தின் படம் கேட்டேன், கதவின் நிறம் கேட்டேன், கூரையில் எத்தனை தகரம் என்று கேட்டேன். பேச்சை மட்டும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. என் காதுக்குள் அந்தப் பாட்டி கொக்குவிலில்தான் கதைத்திருக்கிறார். வரைவைப் பார்த்தபோது தோழியும் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ ஆசையா எழுதியிருந்த. அப்புறம், யாழ்ப்பாணத்துக்காரங்க எழுதுனா அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்" என்றாள். இதில் எந்தப் பாதி கூட வலித்தது என்று இன்னும் எனக்குத் தெளிவில்லை.

வெட்கத்தோடு நின்றுகொண்டிருக்கும்போது பையில் கண்டியில் மிஞ்சிய வெற்று ஸ்டிக்கர் தாள் கண்ணில் பட்டது. எடுத்து, பேச்சுக் குமிழி அளவுக்கு வெட்டிக் கொடுத்தேன். "உங்கட அப்பாயி எப்படிச் சொல்லுவாவோ அப்படி எழுதி, இதுக்கு மேல ஒட்டுங்கோ."

அடுத்த ஒரு மணி நேரம் அந்த வகுப்பில் நடந்த சண்டையை நான் எந்தப் புத்தகச் சந்தையிலும் பார்த்ததில்லை. 'கடிதம்' போய் 'கடுதாசி' வந்தது. ஒரு குழுவில் பேத்தி பாட்டியை 'வாங்க' என்று கூப்பிடுவாளா 'வா' என்பாளா என்பதில் இரண்டு கட்சி. 'பிள்ளை' என்றிருந்த இடமெல்லாம் 'புள்ள'. ஒரு சிறுமி மட்டும் ஒருவரோடும் சண்டை பிடிக்காமல், மூலையில் ஒரு பிரதியை வைத்துத் தனியாக ஒட்டிக்கொண்டே இருந்தாள். நான் போய் எட்டிப் பார்த்தபோது கையால் மூடிக்கொண்டாள். சரி என்று விட்டுவிட்டேன்.

மணி அடித்தது, கடைசி பஸ்ஸுக்கு ஓட வேண்டும், மழை வேறு. மேசையில் கிடந்ததை அள்ளிப் பெட்டியில் போட்டுக்கொண்டு ஓடினோம்.

யூலை 15, செவ்வாய் – தோட்டம்

தலைப்பில் சொன்ன மற்ற அட்டை இன்றைக்கு. மழை கொஞ்சம் விட்டிருந்தது, தோழியின் அம்மாவோடு தேயிலை மலைக்குள் நடந்தோம். அவர் முப்பத்தாறு வருடம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். கிளம்பும்போது காலில் சித்தாலேப பூசச் சொன்னார். எனக்கு அந்த வாசம் பிடிக்காது, சப்பாத்து இருக்கிறதே என்றேன். பதினைந்து நிமிடத்தில் காலுறைக்குள் மூன்று, முழங்காலுக்குப் பின்னால் ஒன்று. நான் போட்ட சத்தத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்காமார் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவர் வந்து, சவர்க்காரத் துண்டைத் தேய்த்து ஒவ்வொன்றாக விழுத்தினார். "புடுங்கக் கூடாதுங்க, அதுவா விடணும்." ரத்தம் பின்னேரம் வரை நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஏழாம் பக்கத்தைக் காட்டினேன். பாட்டி கூடையோடு மலையில் நிற்கிற முழுப்பக்கப் படம், நான் பெருமைப்பட்ட படம். அவர் அதைத் தூரப் பிடித்துப் பார்த்தார். "கயித்த ஏன் நெத்தியில போட்டிருக்கு?"

சொல்லிவிட்டு எழும்பிப்போய் ஒரு துவாயை நான்காக மடித்து உச்சந்தலையில் வைத்தார். கயிற்றை அதன் மேல் போட்டு, கோதுமை மாப் பையை முதுகில் தொங்கவிட்டு நின்றார். பாரம் தலை உச்சியிலிருந்து கழுத்து வழியாக நேரே இறங்குகிறது. நான் வரைந்த மாதிரி நெற்றியில் போட்டால் கழுத்து பின்னால் இழுபடும், கை இரண்டையும் முன்னால் நீட்டிக் கொழுந்து பறிக்க முடியாது. ஒரு படத்தைப் பார்த்து அதில் உடம்பு எங்கே வலிக்கும் என்று சொல்ல முடியும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். "இப்ப பாதிப் பேரு கூடை தூக்குறதில்ல பாப்பா, சாக்குதான்" என்றும் சொன்னார். கூடை படத்துக்கு அழகு என்று நான் மழுப்பினேன். "அழகுதான்" என்றார் அவர், துவாயை மடித்தபடி.

கையையும் பார்த்தேன். ஓய்வு பெற்று நான்கு வருடமாகியும் பெருவிரல், ஆட்காட்டி விரல் வெடிப்புகளில் தேயிலைக் கறை போகவில்லை. என் பாட்டிக்கு 24 பக்கத்திலும் கை பளிச்சென்று இருக்கிறது.

மூன்று பிரதி அவரிடம் விட்டுவிட்டு வந்தேன். காசு தரப் பார்த்தார். பெரிய இழுபறி. கடைசியில் அரைக் கிலோ தேயிலைத் தூளாக வாங்கிக்கொண்டேன்.

யூலை 16, புதன் – பண்டாரவளை

ஹட்டனிலிருந்து ரயில் கிளம்பிச் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் போனதும் பெட்டி முழுக்கக் கூ என்று கத்தியது. பாடசாலைச் சுற்றுலாப் பிள்ளைகள், அவர்களைவிடச் சத்தமாக அவர்களின் ஆசிரியர். நானும் கத்தினேன்.

தலவாக்கலை, நானுஓயா என்று எல்லா இடமும் மழை. பட்டிப்பொலவில் பனிப்புகாரில் ஸ்டேஷன் பெயர்ப் பலகை தெரியவில்லை. அதன் பிறகு இந்தப் பாதையின் உச்சி, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீற்றர். ஒரு சுரங்கம். மத்திய மாகாணம் முடிந்து ஊவா தொடங்குகிற இடம். சுரங்கத்தின் ஒரு வாயில் மழை, மறுவாயில் வெயில் என்று ஆட்கள் சொல்வதைக் கதை என்று நினைத்திருந்தேன். நனைந்த கண்ணாடியோடு உள்ளே போன ரயில் வெளியே வந்தபோது எதிரில் இருந்தவர் கண்ணைச் சுருக்கினார். வெயில்! தென்மேற்கு மழை மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்ந்துவிட, இந்தப் பக்கத்துக்கு வருவது காய்ந்த காற்று மட்டும். யூலையிலிருந்து செப்டெம்பர் வரை அடிக்கிற இந்தக் கச்சான் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு அந்த மணம் வருகிறது என்பார்கள்.

தேயிலைக்கு என்ன செய்யுமோ தெரியாது, என் அட்டைகளுக்கு நல்லது செய்தது. பண்டாரவளையில் அறை ஜன்னலைத் திறந்து, புத்தகங்களைக் கட்டில், மேசை, தரை எல்லாம் பரப்பினேன். தோசையும் இரண்டு உளுந்து வடையும் சாப்பிட்டு (320 ரூபா, சாம்பார் மூன்று தரம்) வந்து பார்த்தபோது பாதி வாயை மூடியிருந்தது. இரவு பத்து மணிக்கு எல்லாம் படுத்துவிட்டன. அரிசி மூட்டையால் முடியாததைக் காற்று செய்தது.

யூலை 17, வியாழன் – பண்டாரவளை, எல்ல

காலையில் ஒரு புத்தகக் கடையில் 20 பிரதி வைத்தேன், விற்ற பிறகு காசு, கடைக்கு நூற்றுக்கு 35. முதலாளி ஐயா கண்டிப்பான ஆள். அட்டையில் 'அப்பம்மா' என்பதை விரலால் தட்டி, "இது இங்க போகாது" என்றார். தெரியும் ஐயா என்றேன். "அடுத்த பதிப்புல மாத்திருங்க, நாப்பது எடுக்கிறேன்."

பின்னேரம் எல்லயில் ஒரு விடுதி முற்றத்தில் கைவினைச் சந்தை. ஒன்பது வளைவுப் பாலத்தை ரயிலோடு வரைந்த அச்சுப் படத்தை வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று 2,500 ரூபாவுக்கு எடுத்தது. கண்டியில் அதே படம் 500. சொன்னதும் தந்தார்கள். இன்னும் கூடச் சொல்லியிருக்கலாமோ என்று ஒரு மனம், வெட்கமில்லையா என்று ஒரு மனம். அந்தப் படத்தை வரைய எனக்கு ஒன்றரை மணி நேரம். புத்தகம் இரண்டு போனது, இரண்டும் தமிழ் தெரியாதவர்களுக்கு. ஒரு தேத்தண்ணிக்கு 450 ரூபா வாங்கினார்கள். எல்லயைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

யூலை 18, வெள்ளி – இரவு ரயில்

பண்டாரவளை ஸ்டேஷனில் இரவு மெயிலுக்காகக் காத்திருக்கும்போது கணக்குப் பார்த்தேன். கொண்டு வந்தது 150. கண்டியில் 11, ஹட்டனில் 6, பாடசாலைக்கு 12, அம்மாவுக்கு 3, புத்தகக் கடைக்கு 20, எல்லயில் 2. மிச்சம் 96 இருக்க வேண்டும். எண்ணினால் 97.

திரும்ப எண்ணினேன். 97. குறைவது வழக்கம், கூடுவது முதல் தடவை.

ஒவ்வொன்றாகப் புரட்டியதில் அகப்பட்டது. திங்கட்கிழமை ஓட்டத்தில் அள்ளிப்போட்டதில் அந்தச் சிறுமியின் பிரதியும் வந்திருக்கிறது. எல்லாக் குமிழியிலும் ஸ்டிக்கர். கோணல் இல்லை, எழுத்து முத்து முத்தாக. அட்டையில்கூட 'அப்பம்மாவின்' என்பதன் மேல் ஒட்டி 'அப்பாயி' என்று எழுதி, எழுத்துக்கு என்னுடையதைப் போலவே நிழல் போட்டிருக்கிறாள்.

கடைசிப் பக்கம். திகதி கடந்த கடிதத்தோடு பேத்தி வாசலில் உட்கார்ந்து அழுகிறாள். பாட்டி பின்னால் நிற்கிறார். நான் எழுதியிருந்தது: "அழாதை பிள்ளை. அடுத்த கடிதம் கட்டாயம் வரும்." அந்த ஒரு வரிக்காக இரண்டு இரவு விழித்திருந்தேன். அதன் மேல் ஒட்டியிருந்தது:

"எந்திரிடி. போய் மூஞ்சக் கழுவு, ரொட்டி ஆறுது."

ரயில் வந்தது. ஏறி உட்கார்ந்து தோழிக்கு அழைத்தேன். அந்தப் பிள்ளையின் புத்தகம் என்னிடம் வந்துவிட்டது, தபாலில் போடுகிறேன், அவள் வீட்டு முகவரியைத் தா என்றேன்.

"வீட்டுக்குப் போடாத," என்றாள். "தோட்டத்து ஆபீஸுக்குத்தான் போகும். ஸ்கூலுக்குப் போடு."